செட்டிநாட்டு வீட்டில் எதிரொலியைப் பிடிப்பது எப்படி

காரைக்குடிப் பக்கம் மைக் செட் வேலை பார்க்கிறேன். கல்யாணமோ, அறுபதாம் கல்யாணச் சாந்தியோ, கோயில் திருவிழாவோ, எதுவானாலும் முந்தின நாளே போய் இடத்தைப் பார்த்துவிடுவது வழக்கம். வண்டியிலிருந்து பெட்டியை இறக்குவதற்கு முன் கைதட்டிப் பார்ப்பேன். முகப்பில் ஒரு தட்டு, நடுமுற்றமுள்ள வளவில் ஒரு தட்டு, பட்டாலையில், வளவுக்குப் பின்னால் உள்ள இரண்டாம் கட்டில், மாடியில் இருக்கிற மெத்தை ஹாலில் என்று வீடு முழுக்கத் தட்டிக்கொண்டே போவேன். கோட்டையூரில் ஒரு வீட்டு ஆச்சி இதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கடைசியில் கேட்டார்: "ஏந்தம்பி, புறா வெரட்டுறியா?"

"இல்லாச்சி, எக்கோ எங்க அடிக்குதுன்னு பாக்குறேன்."

"அடிச்சா என்ன செய்வ?"

"உங்ககிட்ட ஜமக்காளம் கேப்பேன்."

கொடுத்தார். அந்த ஜமக்காளத்தை என்ன செய்தேன் என்பது பின்னால் வரும். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சுவர் எந்நேரமும் ஒலியைத் திருப்பி அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறது. நீங்கள் இதைப் படிக்கும் அறையிலும் அப்படித்தான். திரும்பி வந்ததைத் தனியாகக் கேட்பதா, முதல் ஒலியோடு சேர்த்துக்கொள்வதா என்று தீர்ப்பு சொல்வது காது. அந்தத் தீர்ப்பு எந்த இடத்தில் மாறுகிறது என்பதைக் கைதட்டியே கண்டுபிடித்துவிடலாம். செட்டிநாட்டைப் போல அதற்குத் தோதான இடம் வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு, ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, கருங்கல் தூண் எல்லாமே ஒலியைக் கொஞ்சமும் குடிக்காத சாமான்கள்.

எதை வைத்துத் தட்டுவது

"ஓஓய்" என்று கத்திப் பார்ப்பவர்கள்தான் அதிகம். அது உதவாது. நீங்கள் அரை நொடி கத்தினால், அந்த அரை நொடிக்குள் திரும்பி வருவதெல்லாம் உங்கள் கத்தலுக்கு அடியிலேயே மறைந்துவிடும். சட்டென்று தொடங்கிச் சட்டென்று முடிகிற ஒலி வேண்டும். உள்ளங்கையைக் குழித்துத் தட்டினால் 'தொப்' என்று மழுங்கலாக வரும். ஒரு கையின் நான்கு விரலையும் சேர்த்து மறு உள்ளங்கையில் அடித்தால் 'டப்' என்று கூர்மையாக வரும், அதுதான் சரி. என்னிடம் இரண்டு ரீப்பர் துண்டு இருக்கிறது, ஒரு பக்கம் கீல் போட்டு இணைத்தது. தச்சுப் பட்டறைக் கழிவில் செய்தது. படாரென்று அடித்தால் தெரு முழுக்கக் கேட்கும், கையும் வலிக்காது.

நேரம் முக்கியம். விடியற்காலை நல்லது. காற்று இருக்காது, தெருவில் வண்டி இருக்காது. இன்னொரு காரணமும் உண்டு. வெயில் ஏறிய பிறகு தரையை ஒட்டிய காற்று சூடாகவும் மேலே உள்ளது அதைவிடக் குளிர்ந்தும் இருக்கும். சூடான காற்றில் ஒலி வேகமாகப் போவதால், போகப் போக அது மேல்நோக்கி வளைந்து தலைக்கு மேலே தப்பிவிடும். விடிகாலையில் நிலைமை தலைகீழ்: தரைப்பக்கம் குளிர், மேலே சூடு. ஒலி தரையோடு தரையாக வரும். மார்கழியில் மூன்று ஊர் தள்ளிப் போடுகிற திருப்பாவை உங்கள் வாசலில் கேட்பது இதனால்தான்.

சுவருக்கு எதிரே பின்னோக்கி நடங்கள்

பெரிய வீடுகளின் பக்கச் சுவர் நீளமாக, ஜன்னல் குறைவாக, ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவரை போகும். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் அப்படிப்பட்ட சுவருக்கு எதிரே பொட்டலாகக் கிடக்கும் இடமாகப் பாருங்கள். எதிரிலும் சுவர் இருந்தால் எது எங்கிருந்து வருகிறது என்று குழப்பம்.

சுவரிலிருந்து இரண்டு மீட்டரில் நின்று தட்டுங்கள். தனியாக ஒன்றும் கேட்காது. தட்டு கொஞ்சம் கனமாக, பளிச்சென்று கேட்கும். பின்னால் நடந்துகொண்டே தட்டுங்கள். ஓர் இடத்தில் 'டப்' என்பது 'டடப்' ஆகும். இன்னும் போனால் 'டப்... டப்' என்று தெளிவாகப் பிரியும். பிரிகிற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, சுவரிலிருந்து டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள்.

கணக்கு இதுதான். 30 டிகிரி சூட்டில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். நாம் 350 என்று வைத்துக்கொள்வோம். சுவர் ஒரு மீட்டரில் இருந்தால் போய்த்திரும்ப 2 மீட்டர், அதாவது 6 மில்லி செகண்டுக்குக் கொஞ்சம் குறைவு. 10 மீட்டரில் 57 மில்லி செகண்ட். பள்ளிப் புத்தகத்தில் எதிரொலி கேட்க 17 மீட்டர் வேண்டும், நொடியில் பத்தில் ஒரு பங்கு இடைவெளி வேண்டும் என்று போட்டிருக்கும். பரீட்சைக்கு அதையே எழுதுங்கள். ஆனால் நேரில் நின்று பார்த்தால், கைதட்டலுக்கு அதில் பாதித் தூரத்திலேயே பலருக்குப் பிரிந்துவிடும். பேச்சுக்குக் கூடுதல் இடைவெளி வேண்டும், இழுத்து வாசிக்கிற நாதஸ்வரத்துக்கு அதைவிடக் கூடுதல். ஒலி எவ்வளவு கூர்மையாகத் தொடங்கி முடிகிறதோ, அவ்வளவு சீக்கிரம் காது அதைப் பிரிக்கும்.

அதற்குக் குறைவான இடைவெளியில் காது என்ன செய்கிறது என்பதுதான் ருசியான விஷயம். முதலில் வந்ததை வைத்து ஒலி வந்த திசையை முடிவுகட்டிவிட்டு, பின்னால் வருவதை அதன் கணக்கிலேயே எழுதிவிடுகிறது. ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949-ல் தன் ஆய்வேட்டில் இதை ஸ்பீக்கர் வைத்து அளந்து காட்டினார். இரண்டாவது ஸ்பீக்கர் ஏறக்குறைய 10 முதல் 30 மில்லி செகண்ட் பிந்திப் பேசினால், அது 10 டெசிபல் கூடுதலாக இருந்தால்கூட, அதாவது ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாக இருந்தால்கூட, கேட்பவர் முதல் ஸ்பீக்கர் மட்டும்தான் பேசுகிறது என்பார். என் தொழிலே இந்த ஏமாற்றில்தான் ஓடுகிறது.

இங்கே ஒரு யுக்தி. நீங்களே தட்டி நீங்களே கேட்பது மோசமான ஏற்பாடு. கை உங்கள் காதிலிருந்து அரை மீட்டரில் இருக்கிறது. சுவர் 17 மீட்டரில் என்றால் எதிரொலி 34 மீட்டர் போய்வருகிறது. தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும் என்பதால், உங்கள் தட்டைவிட எதிரொலி 37 டெசிபல் கீழே நிற்கும். காகம் கத்தினால் போச்சு. ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவனும் சுவரிலிருந்து அதே 17 மீட்டரில், உங்களுக்குப் பக்கவாட்டில் 10 மீட்டர் தள்ளி நின்று தட்டட்டும். இப்போது நேர் ஒலி 10 மீட்டர், சுவரில் பட்டு வருவது 35 மீட்டர். வித்தியாசம் 11 டெசிபல்தான். முன்பு கஷ்டப்பட்டுக் கேட்டது இப்போது தானாக வந்து விழும்.

இரண்டாம் கட்டு நடையும் ஜமக்காளமும்

வீட்டுக்குள் போவோம். வளவைத் தாண்டி இரண்டாம் கட்டுக்குப் போகிற நடை போல நீளமான, குறுகலான, இரண்டு பக்கமும் வழுவழுப்பான சுவர் உள்ள இடத்தில் ஒரு சுவரை ஒட்டி நின்று தட்டுங்கள். 'டர்ர்ர்ர்' என்று ஒரு வண்டு பறக்கிற ஒலி வரும். சுவர் இடைவெளி மூன்றரை மீட்டர் என்றால் ஒரு போய்வரலுக்கு 7 மீட்டர், 20 மில்லி செகண்ட். ஒலி இரண்டு சுவருக்கும் நடுவே நொடிக்கு 50 தடவை வந்துவந்து போகிறது. நொடிக்கு இருபதுக்குக் கீழே என்றால் காது ஒவ்வொன்றாக எண்ணப் பார்க்கும். அதற்கு மேலே போனால் எண்ணுவதை விட்டுவிட்டு ரீங்காரமாகக் கேட்கும்.

இதற்கு வைத்தியம் சுலபம். ஏதாவது ஒரு சுவரில் மட்டும் கனமான ஜமக்காளத்தைத் தொங்கவிடுங்கள். இரண்டு பக்கமும் வேண்டியதில்லை. பந்தடியில் ஒருவர் பந்தைப் பிடித்துக்கொண்டால் ஆட்டம் நின்றுவிடும். சுவரோடு ஒட்டாமல் நான்கு விரற்கடை இடைவெளி விட்டுத் தொங்கவிட்டால் இன்னும் நன்றாகக் குடிக்கும். கோட்டையூர் ஆச்சி வீட்டில் செய்தது அவ்வளவுதான். மறுபடி தட்டிக் காட்டியபோது அவர், "அட, வண்டு போயிருச்சே" என்றார்.

வளவும் மெத்தை ஹாலும்

முழக்கம் வேறு. ஒவ்வொரு எதிரொலியும் பிரித்தறிய முடியாதபடி ஆயிரக்கணக்கில் கலந்து, மெல்லக் குறைந்துகொண்டே போவது. கெட்டிமேளம் முடிந்த பிறகும் ஹால் கொஞ்ச நேரம் வாசித்துக்கொண்டே இருக்குமே, அது.

அமெரிக்காவில் ஹார்வர்டில் ஒரு விரிவுரைக் கூடத்தில் பேசுவது ஒன்றும் புரியவில்லை என்று 1895-ல் வாலஸ் சபின் என்ற இளம் பேராசிரியரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். அங்கே ஓர் ஒலி அடங்க ஐந்தரை நொடி ஆனது. அவர் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைக் கடன் வாங்கி, ராத்திரி ஊர் அடங்கியபின் அடுக்கி அடுக்கி, ஓர் ஆர்கன் குழலை ஊதி நிறுத்தி நேரம் குறித்தார். அதிலிருந்து வந்த சூத்திரத்தை இன்றும் எல்லாரும் பயன்படுத்துகிறார்கள்: அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் முழக்க நேரம். அந்த உறிஞ்சும் பரப்பை அவர் திறந்த ஜன்னலால் அளந்தார். திறந்த ஜன்னலில் போன ஒலி திரும்பாது அல்லவா? அதனால் ஒரு சதுர மீட்டர் திறந்த ஜன்னல் என்பதே அளவுகோல்.

இதை வைத்து உங்கள் வீட்டைப் பாருங்கள். வளவின் நடுவாசல் வானம் பார்த்தது. 6 மீட்டருக்கு 6 மீட்டர் என்றால் 36 சதுர மீட்டர் திறந்த ஜன்னல் தலைக்கு மேலே இருக்கிறது. அதோடு சுற்றி நிற்கிற தூண்கள் ஒலியைச் சிதறடிக்கின்றன. அதனால்தான் அத்தனை கல்லும் பூச்சும் இருந்தும் வளவில் பேச்சு தெளிவாகக் கேட்கிறது. மேலே மூடிய ஹாலில் அந்த வசதி இல்லை. 20 மீட்டர் நீளம், 8 அகலம், 5 உயரம் என்றால் 800 கன மீட்டர். காலியாக இருக்கும்போது உறிஞ்சல் 40 சதுர மீட்டர் என்று வைத்தால் 3.2 நொடி முழக்கம். 150 பேர் வந்து உட்கார்ந்தால், ஆளுக்கு அரை சதுர மீட்டர் என்று கணக்குப் போட்டு 75 கூடும், முழக்கம் 1.1 நொடிக்கு இறங்கிவிடும். பட்டுச்சேலை உடுத்திய கூட்டத்தைவிட நல்ல உறிஞ்சி கடையில் கிடையாது. ஆகவே காலி ஹாலில் எக்கோ அடிக்கிறதே என்று முந்தின நாள் ராத்திரி மைக்கைத் திருகிக்கொண்டு உட்காராதீர்கள். கூடத்தில் ஆள் எப்போது நிறையும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சமீபகாலமாகச் சில வளவுகளில் மேலே கண்ணாடி ஷீட் போட்டு மூடுகிறார்கள். மழைக்கு நல்லதுதான், காதுக்கு, அந்த 36 சதுர மீட்டரையும் அடைத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

ஊருணிப் படி 'கீச்' என்னும்

இதைச் செய்து பார்க்காமல் விடாதீர்கள். கோடையில் தண்ணீர் இறங்கிய ஊருணி அல்லது வற்றிய தெப்பக்குளத்தில் படிக்கட்டு அகலமாக, வரிசை குலையாமல் இருக்கிற பக்கத்தைத் தேடுங்கள். (குடிதண்ணீர் ஊருணி என்றால் செருப்போடு இறங்காதீர்கள், தண்ணீரில் கால் வைக்காதீர்கள், ஊரில் உதை விழும், விழவும் வேண்டும்.) கீழ்ப்படிக்கு எதிரே ஒரு பத்து மீட்டர் தள்ளி நின்று, படிகளைப் பார்த்துக் கூர்மையாக ஒரு தட்டு. திரும்பி வருவது தட்டு மாதிரியே இருக்காது. 'கீயுவ்' என்று ஒரு குருவிக் குரல், மேலிருந்து கீழே வழுக்கி இறங்கும்.

ஒவ்வொரு படியின் முகமும் தட்டின் ஒரு நகலைத் திருப்புகிறது. படியின் அகலம் 30 சென்டிமீட்டர் என்றால் அடுத்த படியிலிருந்து வரும் நகல் 60 சென்டிமீட்டர் கூடுதலாகப் பயணம் செய்கிறது. 350-ஐ 0.6-ஆல் வகுத்தால் நொடிக்கு 583 நகல். அந்த வேகத்தில் வந்தால் காதுக்கு அது சுருதி. மேல்படிகளுக்கு ஒலி சாய்ந்து ஏற வேண்டியிருப்பதால் ஒவ்வொரு படிக்கும் கூடுதல் தூரம் அதிகமாகும். 20 சென்டிமீட்டர் உயரப் படி என்றால் வித்தியாசம் 72 சென்டிமீட்டரை நெருங்கி, சுருதி 486 பக்கம் இறங்கும். செம்பூராங்கல் படியில் கொஞ்சம் மங்கலாகவும், கருங்கல்லில் பளிச்சென்றும் கேட்கும். டச்சு விஞ்ஞானி கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1693-லேயே பிரான்சில் ஷான்டியி மாளிகைத் தோட்டத்தில் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். அங்கே நீரூற்றின் இரைச்சல் கல் படிக்கட்டில் பட்டு ஒரு சுருதியாகத் திரும்பியது.

ஊருணி பக்கத்தில் இல்லையா? ஒரு தாம்பாளத்தை எடுங்கள். வாயால் "ஷ்ஷ்ஷ்" என்று விடாமல் ஊதிக்கொண்டே தாம்பாளத்தை முகத்துக்கு நேரே ஒரு முழத் தூரத்திலிருந்து மெல்லக் கிட்டே கொண்டுவாருங்கள். உங்கள் "ஷ்" மாறவில்லை, ஆனால் அதில் ஒரு சுருதி ஏறிக்கொண்டே போகும். தூரம் குறையக் குறைய ஒலியும் அதன் நகலும் நெருங்குகின்றன. கண் தெரியாதவர்கள் சிலர் நாக்கைச் சொடுக்கிச் சுவரைக் கண்டுகொள்வதும் இந்தச் சாயல் மாற்றத்தை வைத்துத்தான். அவ்வளவு கிட்டத்தில் தனி எதிரொலி கேட்க வழியில்லை.

ஒலியின் வேகத்தை நீங்களே அளக்க

நிமிர்ந்த பாறையோ நீண்ட மதிலோ வேண்டும், எதிரே ஐம்பது அறுபது மீட்டர் திறந்த வெளி வேண்டும். திருமயம் கோட்டைப் பாறைக்கு எதிரேயும் செய்யலாம், கூட்டம் வருவதற்கு முன்னால்.

சரியாக 60 மீட்டர் அளந்து நில்லுங்கள். ஒரே சீராகத் தட்டிக்கொண்டே, எதிரொலி இரண்டு தட்டுக்கும் நட்ட நடுவில் விழுமாறு வேகத்தைச் சரிசெய்யுங்கள். 'டப்-டப்-டப்-டப்' என்று ஒன்று உங்களுடையது, ஒன்று பாறையுடையது. தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு உடனே வந்துவிடும். தாளம் பிடிபட்ட பிறகு ஒருவர் ஸ்டாப்வாட்ச்சை அமுக்க, முதல் தட்டைப் 'பூஜ்யம்' என்று எண்ணத் தொடங்கி இருபது வரை போங்கள். 13.7 நொடி ஆனால், ஒரு தட்டுக்கு 0.685 நொடி, எதிரொலிக்கு அதில் பாதி. போய்வந்த 120 மீட்டரை அந்தப் பாதியால் வகுத்தால் 350. பூஜ்யத்திலிருந்து எண்ணாமல் ஒன்றிலிருந்து எண்ணினால் ஒரு இடைவெளி குறைந்து, விடை தப்பும். கவனம்.

நியூட்டன் கேம்பிரிட்ஜில் தன் கல்லூரித் தாழ்வாரத்தில் எதிரொலியை ஊசலோடு ஒப்பிட்டு இதே வேலையைத்தான் செய்தார். ஆனால் அளக்காமல் கோட்பாட்டிலிருந்து அவர் போட்ட கணக்கில் வந்த வேகம் நிஜத்தைவிட ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. அமுங்கும் காற்று சூடாவதைக் கணக்கில் சேர்த்து அதைச் சரிசெய்தவர் பின்னால் வந்த பிரெஞ்சு விஞ்ஞானி லாப்லாஸ்.

மார்கழிக் காலையில் ஒரு தடவை, சித்திரையில் ஒரு தடவை செய்யுங்கள். ஒரு டிகிரிக்கு நொடிக்கு 0.6 மீட்டர் கூடும். 22 டிகிரியில் 345-க்குக் கொஞ்சம் குறைவு, 38-ல் 354. இருபது தட்டில் வித்தியாசம் அரை நொடிக்கும் குறைவு என்பதால் ஐம்பது தட்டாவது எண்ணினால்தான் நம்பலாம்.

தெருவில் கூம்பு கட்டும்போது

திருவிழாவில் தெரு நெடுகக் கூம்பு ஸ்பீக்கர் கட்டினால் பாட்டு இரண்டு இரண்டாகக் கேட்கும். ஆம்ப்ளிஃபயரில் கோளாறு என்பார்கள். இரண்டு கூம்புக்கும் நடுவே 40 மீட்டர் என்றால், இரண்டாவது கூம்பின் அடியில் நிற்பவருக்குத் தலைக்கு மேலே உள்ளது முதலிலும், தூரத்தில் உள்ளது 114 மில்லி செகண்ட் கழித்தும் கேட்கிறது. சுவரே இல்லாமல் எதிரொலி. டிலே வைக்கிற மிக்ஸர் இருந்தால் இரண்டாவது கூம்புக்கு 114-ஓடு இன்னொரு 15 கூட்டி 129 மில்லி செகண்ட் தாமதம் கொடுங்கள். அந்தப் பதினைந்து ஹாஸ் சொன்ன ஏமாற்றுக்கு: ஒலி மேடைப் பக்கத்திலிருந்தே வருவதாகத் தோன்றும். டிலே இல்லாத பழைய செட் என்றால், கூம்புகளை எல்லாம் ஒரே திசை பார்க்கக் கட்டி, ஒவ்வொன்றின் சத்தத்தையும் அடுத்த கூம்பு வரைக்கும் போதும் என்கிற அளவில் வையுங்கள். 'எக்கோ' என்று போட்ட குமிழைப் பூஜ்யத்தில் வையுங்கள், அது மிமிக்ரிக்காரர்களுக்கு.

எண்கள் சரிதானா என்று பார்க்க செல்போன் போதும். பதிவுசெய்து, அலைவடிவம் காட்டுகிற ஏதாவது ஒரு ஆப்பில் திறந்தால் தட்டும் எதிரொலியும் இரண்டு முட்களாக நிற்கும். நடுவே எத்தனை மில்லி செகண்ட் என்று படித்துக்கொள்ளலாம். ரெக்கார்டரில் இரைச்சல் குறைப்பு என்று ஒன்று இருந்தால் முதலில் அதை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது எதிரொலியையும் இரைச்சலோடு சேர்த்துத் துடைத்துவிடும்.